படிக்கும் செயலியிலிருந்தே பதில் எழுதி, அதை என் வலைப்பதிவிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். 2013 ஜூலையில் பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடியபோது நாம் இழந்தது படிக்கும் இடத்தை. தளங்களின் புதிய பதிவுகளைச் செயலிக்குக் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ்ஸில், பதில் சொல்லும் வசதி என்றுமே இருந்ததில்லை. நீங்கள் கேட்பதற்கு மூன்று நெறிமுறைகள் கைகொடுக்கும்.

மைக்ரோசப், பதிவுகளைத் திரட்டும் சர்வரையும் அவற்றைக் காட்டும் செயலியையும் பிரித்துவிடுகிறது. செயலி பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளுங்கள். சந்தாப் பட்டியல் அப்படியே இருக்கும். செயலியில் தட்டும் பதிலை உங்கள் தளத்தில் ஏற்றுவது மைக்ரோபப்.

அப்புறம்தான் சுவாரசியம். 2017 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான வெப்மென்ஷன், நீங்கள் பதில் எழுதிய பதிவரின் தளத்துக்கு இரண்டே முகவரிகளை அனுப்பும்: உங்கள் பதிலுடையது, அவர் பதிவுடையது. பதிலின் வாசகம் போகாது. அவர் சர்வர் உங்கள் பக்கத்தை எடுத்துப் பார்த்து, தன் பதிவுக்கான இணைப்பு நிஜமாகவே அதில் இருந்தால்தான் ஏற்கும். பின்னாளில் நீங்கள் பதிலைத் திருத்தினால் மறுபடி அதே இரண்டு முகவரிகள் போகும். அவர் பக்கத்திலும் திருத்தம் ஏறும். (ஸ்பேம் இதனால் ஒழிந்துவிடாது. இணைப்பு வைத்த குப்பைப் பக்கமும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.)

வேர்ட்பிரஸ் என்றால் வெப்மென்ஷன் செருகுநிரலிலிருந்து தொடங்குங்கள். எச்டிஎம்எல் கோப்புகள் மட்டுமுள்ள தளம் என்றால், உங்களுக்கு வருபவற்றை வெப்மென்ஷன்.ஐஓ என்ற சேவை வாங்கி வைத்துக்கொள்ளும். மைக்ரோசப்பை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.