வண்டி ‘பிகின்’ ஆகாது

கேள்வி: ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் பிகின், கமென்ஸ், இனிஷியேட், ஆன்செட் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் இவற்றை மாற்றி மாற்றிப் போடலாமா? வேலை விண்ணப்பத்துக்கு எது பொருத்தம்?

பதில்: தாராளமாக மாற்றக்கூடியவை ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’ இரண்டுதான். மழை, கூட்டம், பாடம் எதற்கும் இரண்டும் பொருந்தும். ஆனால் எஞ்சினை ‘ஸ்டார்ட்’ செய்கிறோம், ‘பிகின்’ செய்வதில்லை. விடியற்காலையில் ஊருக்குக் கிளம்புவதும் ‘ஸ்டார்ட்’தான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் துள்ளி எழுவது என்று பொருள். திடுக்கிட்டு விழிப்பதை ‘வித் எ ஸ்டார்ட்’ என்று இன்றும் சொல்வது அதனால்தான். ‘ஸ்டார்ட்டில்’ என்ற சொல்லும் அதன் உறவு. சும்மா நின்றது உதறிக்கொண்டு நகர்கிறதா? ‘ஸ்டார்ட்’ போடுங்கள்.

‘பிகின்’ சொல்லில் தவறு நேரும் இடம் வேறு. இறந்த காலம் ‘பிகேன்’. ‘ஹேவ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் ‘பிகன்’. ‘ஐ ஹேவ் பிகேன்’ என்பது பிழை. எழுத்திலும் கவனம் வேண்டும்: ‘பிகினிங்’ நடுவில் இரண்டு ‘என்’, ‘ஓப்பனிங்’ நடுவில் ஒன்றே. ‘பிகின்’ என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் எழுத்து இரட்டிக்கிறது. ‘ஓப்பன்’ சொல்லில் அது முதல் அசையிலேயே விழுந்துவிடுகிறது.

‘கமென்ஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. ஒப்பந்தம், நீதிமன்றம், விழா அழைப்பிதழ் இவற்றோடு நிற்கட்டும். ‘ஐ கமென்ஸ்ட் மை லஞ்ச்’ என்றால் சிரிப்பார்கள். (அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘கமென்ஸ்மென்ட்’ என்பது பட்டமளிப்பு விழா. படிப்பு முடிகிற நாளுக்குத் தொடக்கம் என்று பெயர்!)

‘இனிஷியேட்’ செய்ய ஒரு ஆள் வேண்டும்: ஒருவர் முன்வந்து ஒரு திட்டத்தையோ பேச்சுவார்த்தையையோ தொடக்கிவைப்பது. மழை தானாக ‘இனிஷியேட்’ ஆகாது. மனிதரை ‘இனிஷியேட்’ செய்தால் அது தீட்சை கொடுப்பது.

‘ஆன்செட்’ முதலில் தாக்குதலைக் குறித்தது; அந்த வாடை இன்னும் போகவில்லை. நோய், கடுங்குளிர் போன்ற வேண்டாத வருகைகளுக்கே பெரும்பாலும் வரும். திருமண வாழ்த்தில் எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு குழப்பம்: ‘அட் த பிகினிங் ஆஃப்’ என்றால் மாதத்தின், பக்கத்தின் தொடக்கத்தில். ‘இன் த பிகினிங்’ என்றால் முதலில் அப்படி இருந்தது, பிறகு மாறிவிட்டது என்ற தொனி.

விண்ணப்பத்தில் பணி அனுபவத்துக்கு ‘ஸ்டார்ட்டட்’ போதும். ஒரு மாற்றத்தை முன்மொழிந்தவர் நீங்களே என்றால் மட்டும் ‘இனிஷியேட்டட்’. நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதலில் துருவுவார்கள். எப்போது சேர முடியும் என்று கேட்டால், ‘ஐ கேன் ஸ்டார்ட் ஆன் மண்டே’. அங்கே ‘கமென்ஸ்’ வேண்டாம்.