டெஸ்டர் 'நல்லது' என்கிறது, லைட் ஏன் மங்குகிறது?

கேள்வி: எங்கள் படகில் இன்ஜின் ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி. லைட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ்ஸுக்குத் தனியாக 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. இந்த இரண்டாவதைக் கடையில் கையடக்க டெஸ்டரில் பார்த்து 90 சதவீதம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் நடுராத்திரிக்குள் லைட் மங்கிவிடுகிறது. டெஸ்டரை நம்பலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஸ்டார்ட் பேட்டரிக்குப் பெருமளவு நம்பலாம், இரண்டாவதுக்கு நம்ப வேண்டாம். அந்தக் கருவி சில நொடிகள் சிறிய மின்துடிப்பை அனுப்பி உள்மின்தடையைத்தான் பார்க்கிறது. அதை வைத்து சிசிஏ, அதாவது மைனஸ் 18 டிகிரி குளிரில் 30 நொடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்று கணித்துச் சொல்கிறது. (நாகப்பட்டினத்தில் மைனஸ் 18!) இன்ஜினைத் தூக்கிவிடுகிற அந்த வேகம் இருக்கிற பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க நின்று கொடுக்கும் கொள்ளளவு பாதி போயிருக்கலாம், டெஸ்டருக்கு அது தெரியாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டியூபுலர் பேட்டரிக்கு இயல்பிலேயே உள்மின்தடை சற்று அதிகம் என்பதால், கார் பேட்டரிக்கான செட்டிங்கில் வைத்தால் நல்லதையே 'மாற்று' என்று காட்டிவிடும். டெர்மினலில் உப்புப் பூத்திருந்தாலும் கணக்கு தப்பும்.

முதலில் பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி, நாலைந்து மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் ஏறியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால், அமிலத்தின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விடுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல்தான் வில்லன்.

அதுவும் சரியாக இருந்தால், கரையில் வைத்து 5 ஆம்பியர் இழுக்கிற பல்பை மாட்டி, 10.5 வோல்ட்டுக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறியுங்கள். புதுசு 20 மணி நேரம் தாங்கும், 16-க்குக் கீழே போனால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம், 10 என்றால் யோசிக்கவே வேண்டாம். 10.5-ஐத் தொட்டதும் பல்பைக் கழற்றி உடனே சார்ஜ் போடுங்கள். பேட்டரியை வருத்துகிற சோதனை இது, வருடத்துக்கு ஒருமுறை போதும்.