பிளாஸ்மா டெக்னீஷியன் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டு, கெடாவின் கூலிம் பக்கம் பிளாஸ்மா டெக்னீஷியனாகப் போகப்போகிறேன் என்கிறாள், அது பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று பாடாங் செராயிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரமே வேலையில் சேர்த்துவிடுகிறேன் என்று ஓர் ஏஜென் வீட்டுக்கு வந்து போனதையும் எழுதியிருக்கிறீர்கள். ஏஜென் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மகள் ஆசைப்படுவது நல்ல வேலை. ஆனால் ஏஜென் கையில் இருப்பது அந்த வேலையாக இருக்காது.

முதலில், அது என்ன வேலை என்று பார்ப்போம். கைபேசியிலும் காரிலும் ஏர்கானிலும் இருக்கிற சிப், வேஃபர் என்ற மெல்லிய வட்டத் தகட்டில்தான் உருவாகிறது. அந்தத் தகட்டின்மேல் படலம் படலமாகப் பொருளைப் படிய வைத்து, வேண்டாத இடத்தை மட்டும் அரித்து எடுப்பார்கள். திரவ அமிலத்தால் அரித்தால் அது பக்கவாட்டிலும் தின்றுவிடும், நுண்ணிய கோடுகள் நேராக நிற்காது. அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு சிறிய அறைக்குள் மிகக் கொஞ்சமாக வாயுவை விட்டு, ரேடியோ அலை மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ். வாயு மின்னேற்றம் பெற்று ஒளிர ஆரம்பிக்கும். அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். ஆர்கான் வாயு என்றால் ஊதாவாகத் தெரியும். படலத்தை அரிப்பது இந்த ஒளிரும் வாயுதான்.

நீங்கள் பல வருடம் ரப்பர் பால்மரம் வெட்டியவர் என்பதால் இது உங்களுக்கு எளிதாகப் புரியும். கத்தி பட்டைக்குள் போதுமான ஆழம் இறங்க வேண்டும், மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுவெட்டுக்கு உதவாது. வேஃபரிலும் மேல்படலம் முழுக்கப் போக வேண்டும், கீழ்ப்படலம் காயப்படக் கூடாது. வெட்டின் ஆழம் இங்கே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் கீழே.

ஆழம் எவ்வளவு, எந்த வாயு எத்தனை வினாடி என்று தீர்மானிப்பவர் இன்ஜினியர். தகடுகளை இயந்திரத்தில் ஏற்றி இறக்கி ஓட்டுபவர் ஆப்பரேட்டர். அந்த இயந்திரம் நேற்று அரித்த அதே ஆழத்துக்கு இன்றும் அரிக்கும்படி வைத்திருப்பவர் டெக்னீஷியன். இந்த மூன்று வேலைகளும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். கடைசியில் ஏஜென் பேச்சுக்கு வரும்போது இது தேவைப்படும். இரும்புப் பட்டறையில் பிளாஸ்மா கட்டிங் என்று தகடு வெட்டுவார்களே, அது தனித் தொழில். அதற்கு வெல்டிங் பக்கம் போக வேண்டும்.

டெக்னீஷியன் வேலையின் உயிர் பராமரிப்பில் இருக்கிறது. தொழிற்சாலையில் அதைப் பி.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குறிப்பிட்ட அளவு தகடுகள் ஓடியதும் இயந்திரத்தை நிறுத்தி அறையைத் திறப்பார்கள். திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையை அதில் தொங்கவிட வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை நைட்ரஜன் விட்டுப் பலமுறை வெளியேற்ற வேண்டும். பிறகு சுவரில் படிந்த கசடை நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும், தேய்ந்த பாகங்களை மாற்ற வேண்டும். மூடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, குறித்த இறுக்கத்தில் முடுக்க வேண்டும். ஒரு பக்கமாக முடுக்கிக்கொண்டே போனால் மூடி சாய்ந்து உட்காரும்.

மூடிய பிறகுதான் தலைவலி. பம்ப்பை ஓடவிட்டுக் காற்றை உறிஞ்சிவிட்டு, வால்வை அடைத்து அழுத்த எண் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். எண் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் வளையத்தின்மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் போதும், காற்று உள்ளே கசியும். முதலில் ஏறி, அப்புறம் மெல்ல அடங்கினால் பெரும்பாலும் அது ஓட்டை இல்லை. திறந்திருந்தபோது சுவரில் ஒட்டிய ஈரம் ஆவியாகிறது, இன்னும் கொஞ்ச நேரம் பம்ப் ஓட வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் நல்ல அறையை மறுபடி திறந்து பாதி ஷிப்டை வீணாக்குவார். இல்லையென்றால் ஓட்டை அறையை அப்படியே உற்பத்திக்கு விட்டு ஒரு பெட்டித் தகட்டைக் கெடுப்பார். தெரிந்தவருக்குத்தான் சம்பளம் ஏறுகிறது.

இதற்கு என்ன திறமை வேண்டும்? மகளுக்கு இயற்பியல் சுமார்தான் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். பாடத்தில் ஏ வாங்கியவர்தான் இங்கே நிலைப்பார் என்றில்லை. மின்சுற்று வரைபடத்தைப் படித்து, மல்டிமீட்டரை எங்கே வைப்பது என்று தெரிந்தால் தொடங்கிவிடலாம். வெற்றிடம், வாயுக் குழாய், ரேடியோ அலை மின்சாரம் எல்லாவற்றையும் வேலையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். உதாரணத்துக்கு, அனுப்பிய மின்சக்தியில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்று திரை காட்டும். அது சாதாரணமாகப் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறினால், அலாரம் அடிக்கும் முன்பே ஏதோ கோளாறு வளர்கிறது என்று அர்த்தம். இதைக் கவனிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். தினமும் அதே எண்ணைச் சலிக்காமல் பார்க்கிற குணம் வேண்டும்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய திறமை எழுதுவது. ஷிப்ட் முடியும்போது அடுத்தவருக்கு என்ன செய்தேன், எந்தப் பாகத்தை மாற்றினேன், எது இன்னும் சரியாகவில்லை என்று குறிப்பு விட்டுப் போக வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் கைவேலையில் கெட்டிக்காரர்கள், இங்கேதான் தடுமாறுகிறார்கள். பேசுவதற்கு மலாய் போதும், ஆனால் இயந்திரக் கையேடு முழுக்க ஆங்கிலம். மகள் இந்தக் காத்திருக்கும் மாதங்களில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். வீட்டு மின்விசிறியைக் கழற்றி மாட்டிய கதையாக இருந்தாலும் பரவாயில்லை. செய்த தவற்றை மறைக்காமல் எழுதும் தைரியமும் வேண்டும். மறைத்த தவறு தகட்டில் வந்து நிற்கும்.

கண் பரிசோதனையையும் ஒரு முறை செய்துவிடுங்கள். கம்பிகளின் நிறத்தைப் பிரித்தறிய முடியாவிட்டால் சில இடங்களில் எடுக்க மாட்டார்கள். கிளீன்ரூம் என்கிற தூசியில்லா அறைக்குள் கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடை போட வேண்டும். பவுடர், மை, திருநீறு எதுவும் கூடாது. முகம் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். தூசிக்குப் பயந்துதான் இந்தக் கட்டுப்பாடு, சாமிக்கு எதிராக அல்ல. இதைப் பாட்டியிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஆபத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அரிப்பதற்குப் பயன்படும் குளோரின் நச்சு வாயு. படலம் படிய வைக்கும் இயந்திரங்களில் உள்ள சிலேன் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடியது. அறையைத் திறக்கும்போது குளோரின் கசடில் காற்றின் ஈரம் பட்டால் அமில ஆவி கிளம்பும். இதனால்தான் வாயுக் கசிவை உணரும் கருவிகளும், மூடி திறந்தால் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் பூட்டுகளும் இருக்கின்றன. விபத்து பெரும்பாலும் அவசரத்தில் அந்தப் பூட்டைத் தாண்டும்போதுதான் வருகிறது. கதிர்வீச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரேடியோ அலை மின்சாரம் தொட்டால் சுட்டுவிடும், ஆனால் எக்ஸ்ரே மாதிரி உடம்புக்குள் ஊடுருவிச் சேதம் செய்வதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்கச் சிப் தொழிற்சாலைகளில், ஒருவகைக் கரைப்பான்களைக் கையாண்ட பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. பிறகு அந்தக் கரைப்பான்களைக் கைவிட ஆரம்பித்தார்கள். அது பிளாஸ்மா பகுதியில் நடந்ததல்ல. இருந்தாலும், கருவுற்றால் எந்தப் பகுதிக்கு மாற்றுவார்கள் என்று நேர்முகத் தேர்விலேயே கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

இரவு ஷிப்ட் உண்டு, தவிர்க்க முடியாது. இந்த இயந்திரங்கள் இரவில் நிற்பதில்லை. 12 மணி நேர ஷிப்ட் சாதாரணம். பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்வதற்குச் சட்டத்தில் இருந்த தடை, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் நீக்கப்பட்டது. வாரத்துக்கு வேலை நேரம் 45 மணிக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான், அதைத் தாண்டினால் ஓவர்டைம். கம்பெனி பஸ் உங்கள் தாமான் வாசல் வரை வருமா, மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா என்று கேளுங்கள். என் கணிப்பில் இரவுப் பயம் பாதிக்கு மேல் இந்த நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

சரி, வழி என்ன? 1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேஃபர் செய்யும் சில்தெராவும் இன்ஃபினியனும் அங்கேதான். இன்ஃபினியன் தன் புதிய சிலிக்கான் கார்பைடு ஆலையின் முதல் கட்டத்தை 2024 ஆகஸ்டில் திறந்தது. பிளாஸ்மா அரிப்பு வேலை இந்த மாதிரி ஆலைகளில் இருக்கும். பினாங்கின் பாயான் லெப்பாசில் சிப்பை இணைத்துப் பரிசோதிக்கும் ஆலைகளிலும் பிளாஸ்மா உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் பரப்பைச் சுத்தம் செய்ய, அதனால் வேலை கொஞ்சம் எளிது.

படிப்புக்கு இரண்டு பாதை இருக்கிறது. கணிதத்தில் கிரெடிட் வந்தால் பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் அல்லது மெகாட்ரானிக்ஸ் டிப்ளோமா என் முதல் தேர்வு. கூலிமிலேயே துவாங்கு சுல்தானா பஹியா பொலிடெக்னிக் இருக்கிறது, பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக். எதில் எந்தப் பாடம் இருக்கிறது என்று அரசு உயர்கல்வி இடங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பப் பக்கத்தில் பாருங்கள். கிரெடிட் கிடைக்காவிட்டால் மனிதவள அமைச்சின் அட்டெக் கூலிம் போன்ற பயிற்சிக் கழகத்தில் மலேசியத் திறன் சான்றிதழ் படிக்கலாம். நிலை 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 மேல்நிலை டிப்ளோமா. கைக்காசு இல்லையென்றால் திறன் படிப்புக்குப் பி.டி.பி.கே. கடனும் பொலிடெக்னிக்குக்குப் பி.டி.பி.டி.என். கடனும் உண்டு. எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்க மலாயும் வரலாறும் பாஸாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இனி ஏஜென் விஷயம். அவர் கொடுப்பது அநேகமாக ஒப்பந்த ஆப்பரேட்டர் வேலை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதோடு ஓவர்டைமும் சேர்ந்து கைக்கு வரும்போது பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் படிப்பு ஞாபகம் வராது. ஓரிரு வருடம் கழித்து டெக்னீஷியன் இடம் காலியானால், டிப்ளோமாவோ திறன் சான்றிதழோ உள்ளவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சிப் தொழில் ஏறி இறங்கும் தொழில் வேறு. 2001-லும் 2008–09-லும் ஆர்டர் விழுந்தபோது ஆட்குறைப்பு நடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒப்பந்தக்காரர்தான் முதலில் வெளியே போவார். வீட்டில் சம்பளம் கட்டாயம் வேண்டும் என்ற நிலை இருந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு கணக்குப் போடலாம். தேர்வு முடிவு வரும்வரை மட்டும் வேலை பார்ப்பதில் தவறில்லை, ஆனால் இடையில் விலகினால் அபராதம் என்ற வரி கடிதத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மறுபடி வந்தால் மூன்றே கேள்வி போதும். நியமனக் கடிதத்தில் பதவிப் பெயர் என்ன? சம்பளம் கொடுப்பது தொழிற்சாலையா, ஏஜென் கம்பெனியா? இ.பி.எப். சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் யார் பெயரில் கட்டப்படும்? வாயால் சொல்வதை விடுங்கள், தாளில் பார்க்க வேண்டும். தேர்வு முடிவு வந்ததும் அந்தத் தாளையும் மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள், யு.பி.யு. விண்ணப்பத்தை நாம் சேர்ந்தே நிரப்பலாம். அவள் முன்னால் உட்கார்ந்து தட்டட்டும், நாம் பின்னால் இருப்போம்.