எல்லா எழுத்தும் வரும்வரை தண்ணீர் நாறட்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. காசிமேட்டில் மீன் விற்கிறேன். எட்டு மாதமாக முதியோர் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். எங்கள் தெருக் குடிநீரில் சாக்கடை கலந்து வருகிறது. கிராம சபை மாதிரி நகரத்தில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் இதைப் பேச ஆசை. "படிக்கத் தெரியாமல் போய் அவமானப்படாதே" என்கிறான் மகன். போகலாமா?

பதில்: போங்கள், அம்மா.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் உங்கள் கையால் எழுதியவை என்று பார்த்ததுமே தெரிந்தது. 'அவமானம்' என்பதில் துணைக்கால் விட்டுப்போய் 'அவமனம்' ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஒரு கால் குறைந்தால் எனக்கு வருத்தமில்லை.

பகுதி சபையில் உட்கார அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் போதும். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று இந்தச் சபைகள் தமிழ்நாட்டு நகரங்களில் கூடத் தொடங்கின. படிப்புச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வீட்டிலிருந்து நாற்றம் ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் மகனைவிடக் குடம் தூக்கும் உங்களுக்குத்தான் தெரியும். அதை மட்டும் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.

வகுப்பு ஆசிரியையிடம் இந்த வாரம் 'குடிநீர்', 'கழிவுநீர்', 'கதவு எண்', 'தீர்மானம்' ஆகிய சொற்களை எழுதக் கற்றுத்தரச் சொல்லுங்கள். 1990களில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பாடம் முடியட்டும் என்று அவர்கள் வீட்டில் காத்திருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. புதிதாகக் கையெழுத்துக் கற்றவர்களுக்கு நீட்டிய தாளில் எல்லாம் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வருகைப் பதிவேடா, தீர்மானமா என்று கேளுங்கள். "வாசித்துக் காட்டுங்கள், பிறகு போடுகிறேன்" என்று சொல்லக் கூச்சமே வேண்டாம். படித்தவர்களும் இப்படிக் கேட்டிருந்தால் பல வம்புகள் வந்திருக்காது.

குடிநீர் வாரியத்தில் புகார் கொடுத்தால் புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். மீன் கணக்குப் போடுகிறவருக்கு எண் என்ன புதிதா? நடவடிக்கை இல்லையென்றால், புகார் என்ன ஆயிற்று என்று கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத இயலாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தாக்கப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்கிறது அதன் 6ஆம் பிரிவு. ஆனால் நீங்களே எழுதிப் பாருங்கள். துணைக்கால் விட்டுப்போனாலும் மனு செல்லும்.

கூட்டத்துக்கு மகனையும் அழைத்துப் போங்கள். பாட்டிலைத் தூக்க ஆள் வேண்டுமே.