ஃப்ரீசர் பீன்ஸில் வைக்கோல் வாசனை

மாடித்தோட்டத்து பீன்ஸைப் பச்சையாகவே நறுக்கி ஃப்ரீசரில் வைத்ததாகவும், இரண்டு மாதம் கழித்துப் பொரியல் செய்தால் வைக்கோல் வாசனை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஃப்ரீசர் மேல் குற்றமில்லை. காயிலுள்ள நொதிகள் (என்சைம்கள்) செய்யும் வேலை இது; அவை குளிரில் மெதுவாகுமே தவிர அடங்காது. அதற்குக் கொதிநீர்தான் வேண்டும்.

அரைக் கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணீராவது தளதளவெனக் கொதிக்கட்டும். குறைவாக வைத்தால் காய் போட்டதும் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதி வந்ததிலிருந்து 3 நிமிடம்; பச்சை பளிச்சென்று ஏறும். உடனே வடித்து ஐஸ் தண்ணீரில் இன்னொரு 3 நிமிடம். அப்புறம் துணியில் பரப்பி ஈரம் போகத் துடையுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது. தட்டில் உதிரியாக உறையவிட்டு, கவரில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 8 மாதம் தாங்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரென்றால் அவ்வளவு நாள் நம்ப வேண்டாம்.

விதை புடைத்த முற்றல் காயைச் சேர்க்காதீர்கள், அது சாம்பாருக்குப் போகட்டும்.

சமைக்கும்போது ஐஸ் விடக் காத்திருக்க வேண்டாம். அகலமான இரும்புக் கடாயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்து, தீயைக் கூட்டி அப்படியே கொட்டுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், மூடாதீர்கள். ஈரம் வற்றிச் சடசடவென்று சத்தம் வந்ததும் உப்பு. காய் வெந்து இறக்கும்போது தேங்காய்.

ஏற்கனவே இருக்கும் பாக்கெட்டுகளைப் பருப்பு உசிலி செய்துவிடுங்கள். பெருங்காயம் தாராளமாகப் போட்டால் அந்த வாசனை தெரியாது.