அம்மாவிடம் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. இலக்கியம் தொடர்பான கடிதம் அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 62 வயது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா இறந்தபின் ஒன்றரை ஏக்கரைத் தனியாகவே பார்த்துக்கொண்டவர். எங்கள் வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. சென்ற ஆண்டு விடாத இருமல் வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் நிற்கவில்லை, எடைதான் குறைந்தது. பிறகு மதுரையில் சி.டி. ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் செய்ததில் நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா என்ற வகை, நான்காம் நிலை என்று தெரிந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். இடுப்பெலும்பிலும் பரவியிருக்கிறது. மரபணுப் பரிசோதனை முடிவு வர இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம்.

ஊரில் இருக்கும் அண்ணன், "கீமோ கொடுத்து வதைக்க வேண்டாம், இருக்கும்வரை நிம்மதியாக இருக்கட்டும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மா பெயரில் இருக்கும் நிலத்தை விற்றாவது இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) கொடுத்துவிட நினைக்கிறேன். தாய்மாமாவோ, அம்மாவிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவாள் என்கிறார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அண்ணனும் நானும் இப்போது போனில் பேசினாலே சண்டையில் முடிகிறது. யார் சொல்வது சரி?

பெயர் வேண்டாம், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணன் என்ன சொல்கிறார், மாமா என்ன சொல்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. கணவர் போனபின் தனியாக நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்ட ஒருவர், தன் உடம்பைப் பற்றிய பேச்சில் மட்டும் இடமில்லாமல் இருக்கிறார். யார் சொல்வது சரி என்ற கேள்வி அவரிடம் போக வேண்டியது. அங்கே போவதற்கு முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. இந்த நோய் வந்த உறவினர்களுடன் மருத்துவமனைகளில் உட்கார்ந்திருந்தவன், அதனால் தேடிப் படித்தவன். முடிவுகளை உங்கள் மருத்துவருடன் பேசித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் அந்த ஆறு மாதம். அது உங்களை அரித்துக்கொண்டிருக்கும் என்று தெரிகிறது. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் எக்ஸ்ரேயில் விழும் நிழலை முதலில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். புகைபிடிக்காத ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? ஆனால் வருகிறது. விறகடுப்புப் புகை ஒரு காரணமாக இருக்கலாம். பலருக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சளியில் கிருமி இருப்பது உறுதியாகாமல் காசநோய் மருந்து தொடங்கி, சில வாரங்களில் இருமலும் எடையும் தேறவில்லை என்றால், ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். மாத்திரை முழுவதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது நீங்களும் அண்ணனும் போடும் சண்டை, இன்னும் கைக்கு வராத ஒரு தாளைப் பற்றியது. அடினோகார்சினோமா வந்த இந்திய நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, சில ஆய்வுகளின்படி அதற்கும் மேல், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. புகைபிடிக்காத பெண்களிடம் இது இன்னும் அதிகம். அம்மாவுக்கு அந்த மாற்றம் இருந்தால் கீமோவா வேண்டாமா என்ற பேச்சே இப்போதைக்குத் தேவைப்படாமல் போகலாம். வீட்டிலிருந்தபடி தினம் சாப்பிடும் மாத்திரையில் சிகிச்சை தொடங்கும்.

பரிசோதனை முடிவு வராமல் அந்த மாத்திரையைத் தொடங்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2009இல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வில், பெரும்பாலும் புகைபிடிக்காத கிழக்காசிய நோயாளிகள் 1,217 பேரிடம், அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டார்கள். மரபணு மாற்றம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மாத்திரையால் 9.5 மாதம் நோய் வளராமல் நின்றது, கீமோவில் 6.3 மாதம். மாற்றம் இல்லாதவர்களிடம் அதே மாத்திரை 1.5 மாதம்தான் தாங்கியது, கீமோ 5.5 மாதம் தாங்கியது. ஒருவருக்குக் கைகொடுக்கும் மருந்து இன்னொருவருக்கு நாட்களை வீணாக்குகிறது. எனவே மூச்சுத்திணறலும் வலியும் கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் காத்திருக்கலாம் என்றால், அந்த இரண்டு வாரம் பொறுப்பது நல்லது. நீர் மறுபடி கோத்து மூச்சு முட்டினால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

பணத்தையும் பேசிவிடுவோம். ஜெஃபிடினிப்பை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன, மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே வகையில் ஒசிமெர்டினிப் என்ற மாத்திரை புதியது, விலை பல மடங்கு. இரண்டு வகையையும் ஒப்பிட்ட ஆய்வில், ஒசிமெர்டினிப் சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 38.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். பழைய மாத்திரைகளில் 31.8 மாதங்கள். வித்தியாசம் உண்மையானது. ஆனால் விலை குறைந்த மாத்திரையைக் கொடுப்பவர் தாயைக் கைவிட்ட பிள்ளை ஆகிவிட மாட்டார் என்பதையும் அந்த எண்கள் சொல்கின்றன. எந்த மாத்திரையும் இந்த நிலையில் நோயை அடியோடு நீக்குவதில்லை. தோலில் கொப்புளம், வயிற்றுப்போக்கு, நகக்கண் புண் எல்லாம் வரலாம். ஒரு கட்டத்தில் மருந்துக்கு நோய் பழகிவிடும்.

நீங்கள் நினைக்கும் இம்யூனோதெரபி, ஒரு தவணைக்கே பெரும் தொகை கேட்கும் சிகிச்சை. சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் அதிகம் பலிப்பதில்லை. அதை முதலில் கொடுத்துவிட்டு உடனே ஒசிமெர்டினிப்புக்கு மாறினால் நுரையீரல் அழற்சி போன்ற கடுமையான பக்கவிளைவுகள் கூடுவதாகவும் கண்டிருக்கிறார்கள். விலை கூடிய மருந்துதான் நல்ல மருந்து என்று பாசம் நம்மை நினைக்க வைக்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை நிலத்துக்கு யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்த மருந்துக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

அந்த நிலம் அம்மாவின் பெயரில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கையெழுத்து இல்லாமல் அதை விற்க முடியாது. நெஞ்சுச் சளிக்காக நிலத்தை விற்கிறோம் என்றா சொல்வீர்கள்? அவருடைய உழைப்பு, அவருடைய சொத்து, அவருடைய உயிர். மூன்றையும் பற்றி அவருக்குத் தெரியாமல் முடிவெடுக்க உங்களுக்கோ எனக்கோ மாமாவுக்கோ உரிமை இல்லை. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் மறைத்தார்கள். விதவையான மகள் பெயருக்கு வீட்டை எழுதிவைக்க வேண்டும் என்று அவர் பேச்செடுக்கும்போதெல்லாம், "அதற்கென்ன அவசரம், முதலில் எழுந்து நடமாடுங்கள்" என்று வாயை அடைத்தார்கள். அவர் போனபின் அந்த அக்கா தன் தம்பிகளுடன் நீதிமன்றத்துக்கு அலைந்தார். மறைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அவர் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்.

மாமாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று நீங்கள் நம்புவதை நான் நம்பவில்லை. புற்றுநோய்ப் பிரிவின் வரிசையில் தலைமுடி கொட்டியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்திருப்பார். நீங்கள் டாக்டரிடம் தனியாகப் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்திருப்பார். பிள்ளைகள் நொறுங்கிவிடக் கூடாதே என்று அவரும் உங்களிடம் மறைத்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. வீட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னவென்று நீ நினைக்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். அவரைப் பேச விடுங்கள். பிறகு, "டாக்டர் சொன்னதையெல்லாம் உனக்குச் சொல்லவா, அண்ணனும் நானும் பார்த்துக்கொள்ளவா?" என்று கேளுங்கள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டும். சொல் என்றால் பொய்யில்லாமல் சொல்லுங்கள். நாள் கணக்கு சொல்ல வேண்டாம், அது எந்த மருத்துவருக்கும் சரியாகத் தெரியாது. இது கட்டி, பரவியிருக்கிறது, முழுவதும் போக்க முடியாது, அடக்கிவைக்க மருந்து உண்டு, வலியில்லாமல் வைத்துக்கொள்ள வழி உண்டு. இவ்வளவு போதும். அவர் அழுதால் உடனே தேற்ற வேண்டாம். கூட இருந்தால் போதும்.

நோயின் பெயரைக் கேட்க விரும்பாதவரிடமும் வேறு சிலவற்றைக் கேட்கலாம். எதைச் செய்ய முடியாமல் போனால் அவருக்குத் தாங்காது? மாதாமாதம் மதுரைக்குப் போய்வரத் தெம்பும் விருப்பமும் இருக்கிறதா? கடைசியில் தன் வீட்டிலேயே இருக்க வேண்டுமா? செயற்கைச் சுவாசக் கருவி வேண்டாம் என்று நினைப்பவர் அதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும்.

அண்ணன் கேட்கும் நிம்மதிக்கு வருகிறேன். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தத் தேவையில்லை. வலியையும் வேதனையையும் தணிப்பதற்கென்றே நோய் ஆதரவு சிகிச்சை என்று தனித் துறையே இருக்கிறது. இனி செய்ய ஒன்றுமில்லை என்ற பிறகு அனுப்பும் இடம் என்று பலர் அதை நினைக்கிறார்கள். 2010இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து வெளியான ஆய்வு, அம்மாவைப் போல நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரைப் பற்றியது. வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலிருந்தே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகளில் சிக்கியவர்களும் குறைவு. அப்படியிருந்தும் அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். மற்றவர்களில் அது 8.9 மாதம். கூடுதலாகக் கிடைத்த மாதங்களைவிட, அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இடுப்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்கு நல்ல பலன் தருகிறது. நம் ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லிப் பயப்படுவார்கள், அம்மாவுக்கு முன்பே விளக்கிவிடுங்கள். நீர் மறுபடி மறுபடி கோத்தால் குழாய் ஒன்றைப் பொருத்தி வீட்டிலேயே வடிக்கவும் வழி உண்டு. மார்ஃபின் என்றதும் போதை, முடிவு என்றெல்லாம் உறவினர்கள் சொல்வார்கள். வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை. குறைந்த அளவில் மூச்சுத்திணறலையும் தணிக்கிறது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மருத்துவப் பயன்பாட்டுக்கான வழியை எளிதாக்கினார்கள். என்றாலும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, எங்கே கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

சித்த மருந்து, மூலிகைப் பொடி என்று யாராவது கொண்டுவருவார்கள். எதைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சில பொடிகள் மாத்திரையோடு மோதும்.

அண்ணனிடம் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு நேரில் போங்கள். தினமும் அந்த இருமலைப் பக்கத்தில் இருந்து கேட்பவர் அவர். வதைக்க வேண்டாம் என்ற சொல் அங்கிருந்துதான் வருகிறது. அம்மாவிடம் பேசும்போது இருவரும் சேர்ந்தே உட்காருங்கள். பரிசோதனை முடிவு வரும் நாளில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் ஒன்றாக மருத்துவரைப் பாருங்கள். இந்தச் சிகிச்சையால் அம்மாவுக்கு என்ன கிடைக்கும், எத்தனை முறை வர வேண்டும், பலிக்கவில்லை என்று எப்போது தெரியும், எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கேளுங்கள். மருத்துவர் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்லட்டும். உங்களுக்கு விடுப்பு குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிடாதீர்கள், அண்ணனோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் தூக்கம் வேண்டும்.