பெரு நாட்டுப் பண்பாட்டில் ஜப்பானியக் குடியேறிகளின் தாக்கம் எப்படிப்பட்டது?

முதலில் சாப்பாட்டைத்தான் சொல்ல வேண்டும். 1899இல் சகுரா மாரு கப்பலில் சுமார் 790 ஜப்பானியர்கள் பெருவுக்கு வந்தார்கள், கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்கு. அங்கே நோயும் கொடுமையும் தாங்காமல் பலர் தலைநகர் லிமாவுக்கு நகர்ந்து முடிதிருத்தகம், மளிகைக் கடை, சின்னச் சின்ன உணவகம் என்று பிழைத்தார்கள்.

அந்த உணவகங்களில்தான் மாற்றம் தொடங்கியது. பெருவின் பெருமையான செவிச்சே, பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செய்வது. முன்பு மணிக்கணக்கில் ஊறவிடுவார்கள். மீன் வெளுத்து இறுகிவிடும். மீனின் ருசி அறிந்த ஜப்பானியச் சமையல்காரர்கள் அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தார்கள். இன்று பெரும்பாலும் அப்படித்தான் பரிமாறுகிறார்கள். திராதீத்தோ என்ற பதார்த்தம் இன்னும் ஒரு படி மேலே: ஜப்பானியர்களின் பச்சை மீன் உணவான சஷிமி போல மெல்லிசாக அரிந்த மீன்மேல், தட்டு மேசைக்குப் போகும் நேரத்தில் மஞ்சள் மிளகாய்ச் சாறு ஊற்றுவார்கள். வெங்காயம் கிடையாது. அப்புறம், ஆக்டோபஸை ஆலிவ் சாஸுடன் பரிமாறும் பதார்த்தத்தை உருவாக்கியவர் கய்யாவோ துறைமுக நகரின் ரொசிதா யிமுரா.

இதெல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1940 மே மாதம் லிமாவில் ஜப்பானியர் கடைகளைக் கும்பல்கள் சூறையாடின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெருவிலிருந்த ஜப்பானியர்களில் சுமார் 1,800 பேரைப் பிடித்து அமெரிக்கத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானோரால் திரும்பி வரவே முடியவில்லை. பெருவின் உணவைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

அரசியலில், குடியேறிகளின் மகனான ஆல்பெர்த்தோ ஃபுஜிமோரி 1990இல் அதிபரானார். அது தனிக் கதை.